மெயின்ஃப்ரேமும் சாவிப் பெட்டியும்: குறியாக்க வன்பொருளின் வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறியாக்கம் என்பது வெறும் கணக்குதானே? அதை மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியே போடலாமே, தனிப் பெட்டி எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "வேகத்துக்காக" என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். வேகமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. 1970களின் கணினியில் ஒவ்வொரு பிட்டாக இடம் மாற்றும் குறியாக்கத்தை மென்பொருளில் ஓட்டினால் மற்ற வேலைகள் நின்றுவிடும். ஆனால் முக்கியக் காரணம் வேறு.

மெயின்ஃப்ரேமில் ஒரு நிரல் செயலிழந்தால், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்தது மொத்தமும் டம்ப் ஆக வெளியே வரும். பிழையைக் கண்டுபிடிக்க நிரலர்கள் அதை அச்செடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். சில சமயம் இயந்திரத்தை விற்றவரின் பராமரிப்புப் பிரிவுக்கும் ஒரு பிரதி போகும். குறியாக்கச் சாவி, அதாவது தகவலை மூடவும் திறக்கவும் பயன்படும் ரகசிய எண், நினைவகத்தில் இருந்தால், அந்தத் தாள்களிலும் அது இருக்கும். எட்டு பைட்தான். எந்த எட்டு பைட் என்று தெரிந்தவருக்கு ஒரு பென்சில் போதும்.

யாரும் எதையும் திருட வேண்டியதில்லை. தினசரி வேலை நடக்கிற விதத்திலேயே சாவி வெளியே வந்துவிடும். இயக்க முறைமையைப் பராமரிப்பவர், சேமிப்பு வட்டுகளை நகலெடுப்பவர், இரவுப் பணியில் டேப் மாற்றுபவர் என எல்லோரும் நம்பிக்கையானவர்களாக இருந்தாலும், சாவி அத்தனை பேர் கையிலும் படும். அதனால்தான் சாவியை மெயின்ஃப்ரேமின் நினைவகத்துக்கு வெளியே, தனக்கென்று ஓர் எல்லை உள்ள இடத்தில் வைக்க நினைத்தார்கள். ஐம்பது வருடங்களாகப் பெட்டியின் வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை: சாவி எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது?

இது எங்கே ஆரம்பித்தது?

வங்கியில். ராணுவமும் உளவு அமைப்புகளும் குறியாக்கக் கருவிகளை அதற்கு முன்பே வைத்திருந்தன என்றாலும், அவை வணிகக் கணினிகளுக்கு வரவில்லை. வணிக உலகம் தனக்கென ஒன்றைத் தேடியது பணம் தரும் இயந்திரங்களால்தான்.

1970களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஹோர்ஸ்ட் ஃபைஸ்டல் என்ற ஆய்வாளர் 'லூசிஃபர்' என்ற குறியாக்க முறையை உருவாக்கினார். பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கிக்காக ஐபிஎம் செய்த பணம் தரும் இயந்திரத்தில் அதன் ஒரு வடிவம் பயன்பட்டது. 1972 கடைசியில் அறிமுகமான அந்த 'கேஷ்பாயிண்ட்' இயந்திரம், தொலைவிலுள்ள மைய கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியே பேசியது. கம்பியில் ஒட்டுக்கேட்பவர் "பணம் கொடு" என்ற செய்தியைத் தானே தயாரித்து அனுப்பிவிட்டால்? அந்த பயத்துக்கு விடையாகத்தான் லூசிஃபர் வேலைக்கு வந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் மொஹமத் அட்டாலா இன்னொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். எகிப்தில் பிறந்தவர். 1959இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்குடன் சேர்ந்து மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை உருவாக்கியவர். இன்றைய சில்லுகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். அதோடு நின்றிருந்தாலே அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவர் தனி நிறுவனம் தொடங்கி, வாடிக்கையாளரின் பின் எண்ணைச் சரிபார்க்கும் ஒரு பாதுகாப்புப் பெட்டியைச் செய்தார். 'அட்டாலா பெட்டி' என்றே வங்கிக்காரர்கள் அதைச் சொன்னார்கள். வங்கியின் கணினி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பின் எண்ணைப் பார்க்கும் உரிமை அதற்குக் கிடையாது. பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குத்தான் உண்டு. சாவிகளைக் காக்கும் வன்பொருள் பெட்டியை இன்று எச்எஸ்எம் என்று சொல்கிறோமே, அதன் மூதாதை அதுதான்.

டெஸ் வந்ததும் என்ன மாறியது?

பெட்டிகளுக்குப் பொதுவான ஒரு மொழி கிடைத்தது. அமெரிக்கத் தேசிய தர நிர்ணய அமைப்பு 1973இலும், நல்ல பதில் வராததால் 1974இல் மறுபடியும், ஒரு பொதுக் குறியாக்க முறைக்கு அழைப்பு விடுத்தது. ஐபிஎம் தந்தது லூசிஃபரின் வழிவந்த ஒன்று. வால்டர் டக்மன் தலைமையில் கார்ல் மேயர் உள்ளிட்ட குழு அதை வடிவமைத்தது. 1977 ஜனவரியில் அது டெஸ் என்ற பெயரில் தரமாக வெளியானது. 64 பிட் துண்டுகள், 56 பிட் சாவி, 16 சுற்றுகள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்தத் தரத்தின் முதல் வடிவம், டெஸ்ஸை மின்னணுக் கருவியில்தான் செய்ய வேண்டும் என்று சொன்னது. மென்பொருளில் எழுதிய டெஸ் எவ்வளவு சரியாக வேலை செய்தாலும் தரத்துக்கு உட்பட்டதாகக் கருதப்படவில்லை. 1993இல் வந்த திருத்தத்தில்தான் மென்பொருளுக்கு இடம் கிடைத்தது. அதனால் முதல் பதினாறு வருடங்களுக்கு "டெஸ்" என்றாலே, அரசு வழக்கில், ஒரு சில்லு அல்லது ஒரு பெட்டி என்றுதான் பொருள். வெஸ்டர்ன் டிஜிட்டல், ஏஎம்டி போன்றவர்கள் டெஸ் சில்லுகளைச் செய்து விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தலைமுறைப் பெட்டிகள் எப்படி வேலை செய்தன?

இரண்டு வகை. ஒன்று கம்பிக்கு, மற்றொன்று கணினிக்கு.

ஐபிஎம் 3845, 3846 இரண்டும் கம்பி வகை. மோடத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் நடுவில் உட்காரும். ஒரு முனையில் தெளிவாக நுழைவது மறுமுனையில் குறியாக்கமாக வெளியேறும். எதிர்முனையில் இன்னொரு பெட்டி அதைப் பிரிக்கும். மெயின்ஃப்ரேமுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. எந்த நிரலையும் மாற்ற வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் பாதுகாப்பு கம்பியோடு முடிந்துவிடும். வட்டிலும் டேப்பிலும் தகவல் தெளிவாகவே கிடக்கும்.

3848 வேறு மாதிரி. 1970களின் கடைசியில் வந்த இது, வட்டு இயக்கியைப் போல மெயின்ஃப்ரேமின் சேனலில், அதாவது வெளிக் கருவிகளுக்கான இணைப்பு வழியில், இணையும். நிரல் அதனிடம் "இந்தத் தகவலை இந்தச் சாவியால் குறியாக்கித் தா" என்று கேட்கும், பெட்டி செய்து தரும். இதற்கு ஈடாக முழுக்க மென்பொருளிலேயே ஓடிய ஒரு ஐபிஎம் நிரல் தொகுப்பும் இருந்தது. செயல்பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாவி இருக்கும் இடம்தான் வேறு.

நிரல் கேட்கும்போது சாவியைக் கொடுக்க வேண்டுமே? அப்போது நினைவகத்தில் சாவி வந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு 1978இல் ஐபிஎம் குழுவினர் வெளியிட்ட விடைதான், என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே மிக அழகான பகுதி. எர்சாம், மாட்டியாஸ், மேயர், டக்மன் ஆகிய நால்வர் எழுதியது.

பெட்டிக்குள் ஒரே ஒரு சாவி மட்டும் தெளிவாக இருக்கும். அது மாஸ்டர் சாவி. வெளியே வராது, வெளியே எடுப்பதற்கான கட்டளையே கிடையாது. மற்ற எல்லாச் சாவிகளும் மாஸ்டர் சாவியால் குறியாக்கப்பட்டு வெளியே, சாதாரணக் கோப்பில் கிடக்கும். நிரல் பெட்டியிடம் கொடுப்பது அந்த மூடிய சாவியைத்தான். பெட்டி அதைத் தனக்குள் திறந்து, வேலையை முடித்து, மறந்துவிடும். டம்ப் எடுத்தாலும் கிடைப்பது மூடிய சாவிதான், அதை வைத்து வெளியே ஒன்றும் செய்ய முடியாது.

சரி, புதிய சாவியை எப்படி உருவாக்குவது? ஒரு சீரற்ற எண்ணை எடுத்து, மாஸ்டர் சாவியால் குறியாக்கி வைக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் அந்தச் சீரற்ற எண், அதாவது தெளிவான சாவி, ஒரு கணமாவது நினைவகத்தில் இருக்கும். அவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். சீரற்ற எண்ணை எடு; "இதுவே ஏற்கெனவே குறியாக்கப்பட்ட சாவி" என்று வைத்துக்கொள். அதைத் திறந்தால் உள்ளே என்ன வருமோ அதுதான் உண்மையான சாவி. எந்த எண்ணைத் திறந்தாலும் ஏதோ ஓர் எண் வரும், அதுவும் சீரற்றதாகவே இருக்கும். ஆகவே பிறந்த நாளிலிருந்தே அந்தச் சாவி மூடியே இருக்கிறது. யாரும் அதைப் பார்த்ததில்லை, உருவாக்கிய நிரல் உட்பட. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வேலையை நிறுத்திவிட்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. தொலைவில் உள்ள ஒரு டெர்மினலுக்கு அனுப்புவதற்கான சாவியும், இங்கே தகவலைப் பிரிப்பதற்கான சாவியும் ஒரே மாஸ்டர் சாவியின் கீழ் இருந்தால், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் கொடுத்துப் பெட்டியை ஏமாற்றலாம். மூடிய சாவி ஒன்றையே "இது தகவல், பிரித்துக் கொடு" என்று தந்து, உள்ளே இருப்பதை வெளியே வாங்கிவிடலாம். அதைத் தடுக்க, மாஸ்டர் சாவியின் சில பிட்டுகளைத் திருப்பிப் போட்டு அதற்கு மேலும் இரண்டு வடிவங்கள் செய்தார்கள். எந்தச் சாவி எந்த வேலைக்கானதோ, அதற்குரிய வடிவத்தால் மூடினார்கள். தவறான இடத்தில் கொடுத்தால் குப்பைதான் வரும். பெட்டி தவறைக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம், கணக்கே பார்த்துக்கொள்ளும்.

இந்த யோசனைதான் பின்னாளில் 'கண்ட்ரோல் வெக்டர்' என்ற பெயரில் விரிந்தது. ஒவ்வொரு சாவிக்கும் அது என்ன வகை, எதற்குப் பயன்படலாம் என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டு மாஸ்டர் சாவியோடு கலக்கப்பட்ட பிறகுதான் சாவி மூடப்படும். சீட்டை யாராவது மாற்றினால் சாவி சரியாகத் திறக்காது. இதை மறந்துவிடாதீர்கள். பிற்பாடு இதன் வழியாகத்தான் ஓட்டை வந்தது.

அந்த மாஸ்டர் சாவியை உள்ளே போடுவது யார்? அவருக்குத் தெரிந்துவிடுமே?

ஒருவர் போடுவதில்லை. இரண்டு அல்லது மூன்று பேர், ஆளுக்கொரு பகுதியாகப் போடுவார்கள். பகுதி என்றால் சாவியை வெட்டிப் பிரித்த துண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது முழு நீள எண். மூன்றையும் பெட்டி எக்ஸார் முறையில் கலக்கிறது.

நான்கே பிட் கொண்டு பார்க்கலாம். முதலாமவர் 1001 தட்டுகிறார். இரண்டாமவர் 1100. ஒரே பிட்டாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று கலந்தால் 0101. மூன்றாமவர் 0011. மறுபடி கலந்தால் 0110. அதுதான் சாவி. முதல் இருவரும் சேர்ந்து சதி செய்தாலும் அவர்களுக்குத் தெரிவது 0101 மட்டும். மூன்றாவது எண் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் சாவியும் எதுவாகவும் இருக்கலாம். வெட்டிய துண்டாக இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு சாவி அவர்கள் கையில் இருந்திருக்கும்.

இதை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் நிதானம் நினைவிருக்கும். மூடிய அறை, முத்திரையிட்ட உறை. ஒருவர் எண்ணைத் தட்டும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தட்டி முடித்ததும் திரையில் ஒரு சிறிய சரிபார்ப்பு எண் வரும். அது உறையில் எழுதியிருக்கும் எண்ணோடு பொருந்தினால் பிழையில்லாமல் தட்டியாயிற்று. சாவியைக் காட்டாமலே "சரியான சாவிதான்" என்று சொல்ல அந்த எண் உதவுகிறது. நான் இருந்த ஒரு சடங்கில் இரண்டாமவர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டிவிட்டார். எண் பொருந்தவில்லை. எல்லோரையும் மறுபடி உட்கார வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

பின்னால் இதற்கென்றே ஐபிஎம் டிகேஇ என்ற தனிக் கணினியைக் கொண்டுவந்தது. சாவிப் பகுதிகள் அங்கிருந்தே குறியாக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகும். நடுவில் இருக்கும் மெயின்ஃப்ரேம் அவற்றைக் கடத்துமே தவிர, பார்க்காது.

ஏடிஎம் பின் எண்ணுக்கும் இந்தப் பெட்டிகளுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பெட்டிகளுக்குச் சோறு போட்டதே பின் எண்தான் என்று சொல்லலாம். ஐபிஎம் 3624 என்ற ஏடிஎம் இயந்திரத்தோடு பரவிய முறையைப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் கணக்கு எண்ணை, 'பின் சாவி' என்ற ரகசியச் சாவியால் டெஸ் முறையில் குறியாக்குகிறார்கள். கிடைப்பது பதினாறடிமான இலக்கங்கள் (0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை), உதாரணத்துக்கு 7எஃப்3ஏ என்று தொடங்குகிறது. விசைப்பலகையில் எஃப், ஏ எல்லாம் கிடையாதே. அதனால் ஓர் அட்டவணை: ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே போய் எஃப் என்றால் 5. நம் உதாரணம் 7530 ஆகிவிடும். இதுதான் இயல்பான பின்.

வாடிக்கையாளர் தனக்கு 1234 வேண்டும் என்கிறார். 1234இலிருந்து 7530ஐ இலக்கம் இலக்கமாகக் கழித்து, குறையும் இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் 4704. இந்த 4704ஐ வங்கி சேமித்து வைக்கலாம், அட்டையிலும் எழுதலாம். அதைத் திருடி ஒன்றும் ஆகாது. அவர் 1234 தட்டும்போது, பெட்டி 7530ஐ மறுபடி கணக்கிட்டு, 4704ஐ இலக்கம் இலக்கமாகக் கூட்டி, பத்தைத் தாண்டுவதை விட்டுவிட்டு, பொருந்துகிறதா என்று பார்த்து "ஆம்" அல்லது "இல்லை" மட்டும் சொல்லும். வங்கியின் கோப்பு எதிலும் பின் எண் எழுதப்படவில்லை.

ஆனால் பின் சாவி வெளியே போனால் எல்லா வாடிக்கையாளரின் பின்னும் போய்விடும். அந்த ஒற்றைச் சாவிக்காகத்தான் அட்டாலா பெட்டி, பிரிட்டனின் ராகல் நிறுவனப் பெட்டி, ஐபிஎம் பெட்டி என்று வங்கிகள் வாங்கி அடுக்கின.

56 பிட் சாவி குறைவு என்று யாரும் அப்போது சொல்லவில்லையா?

சொன்னார்கள், உரக்கவே. விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும், சுமார் 2 கோடி டாலர் செலவில் டெஸ் சாவியைத் தேடிப் பிடிக்கும் இயந்திரத்தைக் கட்டலாம் என்று 1970களிலேயே கணக்குக் காட்டினார்கள். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தலையிட்டுச் சாவியைக் குறுக்கியது என்ற சந்தேகமும் இருந்தது. குறுகிய சாவியே போதும் என்று என்எஸ்ஏ ஐபிஎம்மை நம்பவைத்தது என 1978இல் செனட் குழு அறிக்கையே சொன்னது.

அதே டெஸ்ஸின் உள்ளமைப்பைப் பற்றியும் சந்தேகம் இருந்தது. அது நேர்மாறாக முடிந்தது. பைஹாம், ஷமீர் இருவரும் 1990 வாக்கில் 'வேறுபாட்டுப் பகுப்பாய்வு' என்ற தாக்குதலை வெளியிட்டபோது, டெஸ் அதை வியக்கத்தக்க அளவுக்குத் தாங்கியது. ஐபிஎம் குழுவுக்கு அந்தத் தாக்குதல் 1974லேயே தெரியும், தெரிந்துதான் வடிவமைத்தோம், ரகசியமாக வைத்திருக்கச் சொன்னதால் சொல்லவில்லை என்று டான் காப்பர்ஸ்மித் 1994இல் எழுதினார்.

சாவி நீளம் மட்டும் கடைசிவரை பலவீனமாகவே இருந்தது. 1998இல் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன், 2.5 லட்சம் டாலருக்குள் ஓர் இயந்திரத்தைக் கட்டி, 56 மணி நேரத்தில் ஒரு டெஸ் சாவியைக் கண்டுபிடித்தது. அதற்குள் வங்கிகள், டெஸ்ஸையே மூன்று தடவை ஓட்டும் 'மூன்றுமுறை டெஸ்' பக்கம் நகர ஆரம்பித்திருந்தன. டெஸ்ஸுக்கு மாற்றான ஏஇஎஸ் 2001இல் தரமானது. 2005இல் டெஸ் முறையாக விலக்கப்பட்டது.

1980களின் இறுதியிலிருந்து பெட்டிகள் எப்படி மாறின?

இரண்டு பக்கம் பிரிந்தன. ஒரு பக்கம் ஐபிஎம் 4753. உள்ளே தனிக் கணினி ஒன்றை வைத்து, மெயின்ஃப்ரேமோடு சேனல் வழி இணைந்த பெட்டி. சிசிஏ என்ற கட்டளைத் தொகுப்பு இதோடுதான் நிலைபெற்றது. மெயின்ஃப்ரேம் குறியாக்க நிரலர்கள் இன்றும் எழுதுவது சிசிஏ கட்டளைகளைத்தான். மறுபக்கம், 1990களின் தொடக்கத்தில் ஐசிஆர்எஃப் என்ற பெயரில் குறியாக்கம் மெயின்ஃப்ரேமின் செயலிக்குப் பக்கத்திலேயே, அதே உறைக்குள் வந்தது. 1997 வாக்கில், சீமாஸ் என்ற சில்லு வகையில் செய்த செயலிகள் வந்த காலத்தில் அது ஒரு சில்லாகச் சுருங்கியது.

ஏற்றுமதித் தடை என்று சொல்வார்களே?

குறியாக்கக் கருவிகளை அமெரிக்கா ஆயுதப் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் ஐபிஎம், 56 பிட் சாவியை 40 பிட் அளவுக்குப் பலவீனமாக்கும் சிடிஎம்எஃப் என்ற முறையை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகச் செய்தது. ஒரே இயந்திரம், எல்லை தாண்டினால் வேறு பலம். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் விதிகள் தளர்ந்தன. பாதுகாப்பை வேண்டுமென்றே குறைத்து விற்ற அந்தக் காலம் இன்னும் நீண்டிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

பெட்டியையே உடைத்துத் திறந்தால் என்ன ஆகும்?

இதற்கான பதிலாகத்தான் ஐபிஎம் 4758 அட்டை வந்தது. 1980களில் அவர்களின் ஆய்வகத்தில் ஸ்டீவ் வைங்கார்ட் உள்ளிட்டோர் செய்த சோதனைகளின் விளைவு. அட்டையின் முக்கியப் பகுதியைச் சுற்றி மெல்லிய கடத்திகளால் ஆன வலை போர்த்தி, மேலே ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள். துளைபோட்டால் வலையின் ஓர் இழை அறும் அல்லது ஒன்றோடொன்று உரசும். உடனே உள்ளிருக்கும் மின்சுற்று, பேட்டரியில் உயிரோடு இருக்கும் நினைவகத்தை அழித்துவிடும். மெயின்ஃப்ரேமில் செருகாமல் மேசைமேல் கிடந்தாலும் பேட்டரி அந்தக் காவலைத் தொடரும்.

வெப்பநிலை, மின்னழுத்தம், கதிர்வீச்சு எல்லாவற்றுக்கும் உணரிகள் உண்டு. குளிருக்கு எதற்குக் காவல் என்று கேட்பார்கள். நினைவகச் சில்லைக் கடுமையாகக் குளிர்வித்தால், மின்சாரம் போன பிறகும் அதிலிருப்பது சற்று நேரம் அழியாமல் இருக்கும். திருடன் முதலில் உறையவைத்து, அப்புறம் திறப்பான். அதனால் குளிர் ஓர் எல்லையைத் தாண்டினாலே அட்டை தன்னை அழித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அட்டையை எப்படி அனுப்புவது என்பதையே யோசிக்க வேண்டியிருந்தது. பேட்டரியைத் தவறாகக் கழற்றிவிட்டால் அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும், உயிர்ப்பிக்க வழியில்லை.

1998இல் இது, குறியாக்கக் கருவிகளுக்கான அமெரிக்க அரசுத் தரமான எஃப்ஐபிஎஸ் 140-1இன் நான்காம் நிலையை, அதாவது உச்ச நிலையை, முதன்முதலில் பெற்றது. 1999இல் இதே அட்டை பிசிஐசிசி என்ற பெயரில் மெயின்ஃப்ரேமுக்குள் ஏறியது.

அப்படியானால் அதை யாரும் உடைக்கவில்லையா?

உறையை உடைத்ததாக அல்ல. வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

2001இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக் பாண்ட், ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும், சிசிஏ ஓடும் 4758இலிருந்து மூன்றுமுறை டெஸ் சாவியை எடுத்துக் காட்டினார்கள். அட்டையில் ஒரு கீறலும் விழவில்லை. அனுமதிக்கப்பட்ட கட்டளைகளையே, வடிவமைத்தவர்கள் நினைக்காத வரிசையில் கொடுத்தார்கள். அட்டையோடு இருபது நிமிட அளவுக்கு வேலை, பிறகு 995 டாலர் விலையுள்ள எஃப்பிஜிஏ (உள் மின்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) பலகை ஒன்றில் இரண்டு நாள் தேடல்.

மேலே மறக்காதீர்கள் என்று சொன்ன கண்ட்ரோல் வெக்டர் சீட்டு நினைவிருக்கிறதா? அது மாஸ்டர் சாவியோடு, அல்லது ஒரு கடத்தும் சாவியோடு (மற்ற சாவிகளை வேறிடத்துக்கு அனுப்பும்போது மூடும் சாவி), எக்ஸார் முறையில் கலக்கிறது. சாவிப் பகுதிகளைச் சேர்ப்பதும் எக்ஸார்தான். பாண்ட் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடத்தும் சாவியின் கடைசிப் பகுதியைத் தட்டுபவர், தன் எண்ணில் இரண்டு சீட்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டால், அதன் வழியே வரும் சாவி வேறு வகைச் சாவியாக மாறிவிடும். பின் சாவி, சாதாரணத் தகவல் சாவி ஆகிவிடும். அப்புறம் அதைக் கொண்டு கணக்கு எண்களைக் குறியாக்கச் சொன்னால், பெட்டி மறுபேச்சில்லாமல் செய்யும். வருவது பின் எண்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனைகள். ஒரே கணித வழியைப் பயன்படுத்தியதால் ஒன்று மற்றொன்றைத் திறந்துவிட்டது. ஐபிஎம் அடுத்த பதிப்புகளில் இதைச் சரிசெய்தது.

2003இல் பாண்ட், பியோத்ர் ஜீலின்ஸ்கி இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பின் சரிபார்க்கும் கட்டளைக்கு அந்த ஏ என்றால் 0 அட்டவணையையும் நிரலே கொடுக்க வேண்டும். பூச்சியமும் ஒன்றும் மட்டும் உள்ள பொய் அட்டவணையைக் கொடுத்து, 7 வரும் இடத்தில் மட்டும் 1 வைத்து, 0000 சரியா என்று கேளுங்கள். "ஆம்" என்றால் அந்தப் பின்னில் 7 இல்லை. "இல்லை" என்றால் இருக்கிறது. ஒவ்வொரு பதிலிலும் ஒரு துளி ரகசியம் கசியும். நான்கு இலக்கப் பின்னைக் கண்டுபிடிக்கச் சராசரி 5000 முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 15 போதும் என்று கணக்கிட்டார்கள்.

இரண்டு தாக்குதலுக்கும் உள்ளே வேலை செய்யும் ஒருவரின் கை வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவரையும் நம்பத் தேவையில்லை என்பதற்காகத்தானே பெட்டியையே செய்தார்கள்.

இப்போது செயலிக்குள்ளேயே குறியாக்கம் வந்துவிட்டது. தனி அட்டை இன்னும் எதற்கு?

2003இல் ஐபிஎம்மின் இசட்990 மெயின்ஃப்ரேமோடு, செயலிக்குள்ளேயே குறியாக்கும் சிபிஏசிஎஃப் என்ற வசதி வந்தது. குறியாக்கம் செயலியின் சாதாரணக் கட்டளையாகிவிட்டது. வேகம் அபாரம். ஆனால் சாவி மறுபடி நினைவகத்துக்கு வந்துவிட்டது, அதாவது கதை ஆரம்பித்த இடத்துக்கே.

கிரிப்டோ எக்ஸ்பிரஸ்3 என்ற ஐபிஎம் குறியாக்க அட்டையோடு 2009 வாக்கில் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட சாவி' என்று பெயர். அட்டை தன் மாஸ்டர் சாவியால் மூடிய சாவியைத் திறந்து, இயக்க முறைமை எட்ட முடியாத வன்பொருள் பகுதியில் உள்ள ஒரு தற்காலிகச் சாவியால் மறுபடி மூடித் தருகிறது. நிரலின் கையில் இருப்பது அந்த இரண்டாம் மூடிதான். செயலி அதைத் தனக்குள் திறந்து முழு வேகத்தில் ஓட்டும். டம்ப் எடுத்தாலும் தெளிவான சாவி கிடைக்காது. 2017இல் இசட்14 வந்தபோது எல்லாத் தரவையும் எப்போதும் குறியாக்கியே வைக்கலாம் என்று ஐபிஎம் சொன்னது இந்த அடித்தளத்தில்தான்.

குவாண்டம் கணினி வந்தால்?

2022இல் வந்த இசட்16இன் கிரிப்டோ எக்ஸ்பிரஸ் 8எஸ் அட்டையில் குவாண்டம் கணினியைத் தாங்கும் வகையில் வடிவமைத்த கைபர், டிலிதியம் முறைகளும் இருக்கின்றன. ஏஇஎஸ் பற்றிப் பெரிய பயமில்லை. ஆபத்து, மூட ஒரு சாவியும் திறக்க வேறு சாவியும் உள்ள ஆர்எஸ்ஏ போன்ற பொதுச் சாவி முறைகளுக்குத்தான்.

அட்டையை மாற்றும்போது பழைய சாவிகள் என்ன ஆகும்?

மாஸ்டர் சாவிக்குப் பெட்டிக்குள் மூன்று இடங்கள் உண்டு: பழையது, நடப்பு, புதியது. புதியதைப் பகுதி பகுதியாகத் தட்டி முடித்ததும், சாவிக் கோப்பில் உள்ள ஒவ்வொரு மூடிய சாவியும் பெட்டிக்குள் போய், நடப்புச் சாவியால் திறந்து, புதியதால் மூடி, வெளியே வரும். பிறகு புதியது நடப்பாகும், நடப்பு பழையதாகும். கழற்றும் அட்டையில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும்.

இப்படி மூடி மாற்றி மூடி மாற்றி, ஒரு சாவியைப் பெட்டிகளின் பல தலைமுறைகளுக்குக் கொண்டுவரலாம். முன்பு சொன்ன முறையில், திறக்காத எண்ணாகவே பிறந்த சாவியாக இருந்தால், இத்தனை காலத்திலும் ஒரு மனிதர்கூட அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.